பத்தொன்பதாம் இலக்கத்தின் தண்ணீர்க்காரன்

ஜூலை 29, திங்கள்

ஆஸ்பத்திரித் தாதி சொன்னது இதுதான்: வீட்டில் கூட இருக்கிற ஆள் தினமும் எழுதிவைக்க வேணும். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நித்திரை, என்னத்தை மறந்தாள். ஒரு மாதம் எழுதி, ஆகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி டொக்டரிடம் கொண்டுவர வேணும்.

கூட இருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான். ஒன்பது வயதில் கடலுக்குப் போனவன். இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. அதைச் சொல்ல, மகள் றெஜி சிரித்துக்கொண்டு போனை நீட்டினாள்.

"இதை அமத்திப்போட்டுக் கதையுங்கோ அப்பா, அது எழுதும். ஆனா எங்கட கதையிலை கதைச்சா அதுக்கு விளங்காது. றேடியோவிலை செய்தி வாசிக்கிற ஆள் மாதிரிக் கதைக்கோணும்."

"நீ வாசிப்பியோ?"

"மாட்டன். டொக்டருக்கும் மொழிபெயர்க்கிற ஆளுக்கும்தான்."

ஆகவே டொக்டர், என் பெயர் சந்தியாப்பிள்ளை. வயது எழுபத்தொன்பது. ஊர் பாசையூர், முப்பத்தைந்து வருடமாக மெல்பேர்ண். றெஜினா என் ஒரே பிள்ளை. வயது நாற்பத்தொன்று. பேர்ண்டேல் கழகத்தின் பெண்கள் அணிக்குப் பத்தொன்பதாம் இலக்கம் போட்டு விளையாடியவள். இப்போது ஆறு வருடமாக அதே அணியின் கோச். நான் அந்த அணியின் தண்ணீர்க்காரன். மைதானத்தில் எல்லோரும் என்னைச் சாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

இன்றைக்கு ஒன்றும் மறக்கவில்லை.

ஜூலை 31, புதன்

காலையில் இரண்டு முட்டை, பாண். மத்தியானம் சோறும் மீன் சொதியும். சொதிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். அது மறதி இல்லை. முதல் போட்ட உப்புக் காணாது.

ஆகஸ்ட் 1, வியாழன்

பயிற்சி நாள். மொழிபெயர்க்கிற தம்பிக்கு அவுஸ்திரேலியக்காரரின் இந்த உதைபந்து விளையாட்டுத் தெரியுமோ தெரியாது. முட்டை மாதிரி ஒரு பந்து. உதைக்கலாம், பிடிக்கலாம், மூடின கையால் குத்தி அனுப்பலாம், எறியக்கூடாது. மைதானத்தின் இந்த முனையில் நாலு கம்பம், அந்த முனையில் நாலு கம்பம். நடு இரண்டுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி, பக்கத்தால் போனால் ஒன்று. ஆளையாள் மோதலாம். தலையில் ஒன்றும் போடமாட்டார்கள். நான் முதல் முதல் பார்த்தபோது, நடுவர் பயத்தில் விசில் ஊதாமல் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கோச்சிடம் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் ஆட்களின் இலக்கம் எழுதின காந்த வில்லைகளை ஒட்டி, யார் எங்கே நிற்கிறது என்று காட்டுவாள். றெஜி வில்லையை எடுத்துக்கொண்டு சில நேரம் கையை அந்தரத்தில் நிறுத்துவாள். அப்போது பக்கத்தில் நிற்கிற நான், "ஏழு, ஜோர்ஜியா, முன்னுக்கு" என்று மெல்லத் தமிழில் சொல்லுவேன். அவள் ஒட்டுவாள். பிள்ளைகளுக்கு அது தகப்பனும் மகளும் ஏதோ வீட்டுக்கதை கதைக்கிற மாதிரித்தான் தெரியும்.

இதையும் மறதிக் கணக்கில் சேர்க்கவேண்டாம். களைத்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது போல ஒன்று.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வென்றோம். இருபத்தெட்டுப் புள்ளி. இனி இறுதிச் சுற்றுகள்.

விளையாட்டு முடிந்து கழக அறையில் எல்லோரும் நின்றோம். சுவரில் றெஜியின் படம் இருக்கிறது. இரண்டாயிரத்து ஒன்பது, செப்டெம்பர் ஆறு, ஞாயிறு. இறுதிப் போட்டி. மொறிசன் ஓவல் மைதானம். காற்று தெற்குப் பக்கத்தால். நாங்கள் நாற்பத்தொன்று, அவர்கள் முப்பத்தெட்டு. இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. அவர்களின் நாலாம் இலக்கம் கம்பத்தைப் பார்த்து உதைக்கிறாள். மூன்று பேருக்கு மேலால் றெஜி எழும்பி, அந்தப் பந்தை இரண்டு கையாலும் பிடித்தாள். முடிவுச் சங்கு ஊதியது. கிண்ணம் எங்களுக்கு.

புதிதாக வந்த ஒரு பிள்ளை கேட்டாள், "கோச், அப்ப உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று. றெஜி சொன்னாள்: காற்று தெற்குப் பக்கத்தால், நாலாம் இலக்கம் உதைத்தாள், மூன்று பேருக்கு மேலால் எழும்பினேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

ஞாபகசக்திக்கு இதை விட என்ன அத்தாட்சி வேணும், டொக்டர்?

ஆகஸ்ட் 5, திங்கள்

மழை. உடுப்புக் காயவில்லை. மறதி இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பயிற்சி முடிந்து வரும்போது றெஜி சந்தியில் வலப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் எங்களுடைய பழைய வீடு. விட்டுவந்து பன்னிரண்டு வருடம். நான் சும்மா, "அந்தக் கடையிலை பால் வாங்குவம், பிறகு இடப்பக்கம் எடு பிள்ளை" என்றேன். அடுத்த சந்தியிலும் ஏதோ சொன்னேன். அதற்கடுத்த சந்தியிலும். பாலும் வாங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.

குளிர்பெட்டியில் பால் ஏற்கெனவே இரண்டு போத்தல் இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அரையிறுதி. பத்துப் புள்ளியால் வென்று நேரே இறுதிப் போட்டிக்குப் போய்விட்டோம்.

முதல் இடைவேளையில் றெஜி பிள்ளைகளுக்கு என்ன சொன்னாளோ, இரண்டாம் இடைவேளையிலும் அதையே சொன்னாள். அதே பகிடியையும் விட்டாள். முதல் தரம் சிரித்த பிள்ளைகள் இரண்டாம் தரம் ஆளையாள் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்.

பார்ப் மட்டும் சிரிக்கவில்லை. பார்ப் எங்கள் முதலுதவிக்காரி. காயம் பார்க்கிறது, கால் கட்டுகிறது எல்லாம் அவள்தான். றெஜி விளையாடத் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி முழங்கால் வருத்தம். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீசில் பாதி அவளிடம் படித்தது. போத்தல்களைக் கூடையில் அடுக்கும்போது கிட்ட வந்து கேட்டாள்:

"சாண்டி, அவளுக்கு ஓகேயா?"

"ஓகே, ஓகே. நித்திரை குறைவு."

"நீ பொய் சொல்லேக்கை மூக்கைத் தடவுவாய், தெரியுமா?"

அவள் அப்படிச் சொன்ன பிறகு கையை எங்கே வைக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இரவுச் சாப்பாட்டுக்கு றெஜி மூன்று கோப்பை வைத்தாள். வைத்துவிட்டு அவளே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தாய் திரேசம்மா காலமாகிப் பன்னிரண்டு வருடம்.

"பார்ப் வாறன் எண்டு சொன்னவள். மழைக்கு வராமல் விட்டிட்டாள் போலை" என்றேன்.

"ஓம் என்ன" என்றாள். மூன்றாம் கோப்பையைத் துடைத்து உள்ளே வைத்தாள். அது நனையவே இல்லை. இருந்தும் கனநேரம் துடைத்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இந்த ஞாயிறு எங்களுக்குப் போட்டி இல்லை. பூசைக்குப் போய்வந்து, வெயிலில் இருந்து பந்துகளுக்கு எண்ணெய் பூசினோம்.

"அப்பா, நான் முதல் விளையாடினதைச் சொல்லுங்கோ" என்றாள்.

தொண்ணூற்றொன்பது, மே மாதம். அவளுக்குப் பதினாறு வயது. தாய்க்குத் தெரியாது. கோயில் பாட்டுக் குழுவுக்குப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொன்னது. சும்மா நின்றால் யாரும் என்னவென்று கேட்பார்களே என்று, ஒரு கூடை தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான் எல்லைக்கோட்டில் நின்றேன். அன்று தொடங்கிய வேலைதான். அன்று ஆறு பந்து பிடித்தாள், ஒன்றை நழுவவிட்டாள், முழங்கை கிழிந்தது. வீட்டுக்கு வந்ததும் தாய் கேட்டாள், "பாட்டுக் குழுவிலை என்னடி முழங்கையாலையோ பாடுறது?" என்று.

றெஜி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பதினான்கு பருவம், நூற்று அறுபத்தெட்டு விளையாட்டு. ஐந்து வருடம் கப்டன். முழங்கால் போய் நிறுத்தினாள். பிறகு துணைக் கோச், பிறகு கோச். எல்லாம் சொன்னேன். தலையில் அடிபட்ட தரங்கள் எத்தனை என்று தாதி கேட்டிருந்தாள். பெரிதாக ஐந்து. இரண்டாயிரத்து ஒன்பது இறுதிப் போட்டியில் பட்டதும் அதில் ஒன்று. மூன்றாம் கால்பகுதி. மற்றவளின் முழங்கால் காதுக்கு மேலே பட்டது. எல்லைக்கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பார்ப் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள், றெஜி எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னாள், திரும்ப உள்ளே போனாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பயிற்சி. ஐந்தே முக்காலுக்கு ஏழாம் இலக்கம் ஜோர்ஜியாவும் இன்னொரு பிள்ளையும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். தலையும் தலையும். தேங்காய் உடைத்த சத்தம். ஜோர்ஜியா எழும்பி வேறு பக்கம் பார்த்து ஓடத் தொடங்கினாள். றெஜிதான் ஓடிப்போய் அவளை இருத்தி, என் கூடையிலிருந்து ஐஸ் எடுத்துத் தலையில் வைத்தாள். பார்ப் இன்றைக்கு வரவில்லை, பல்லுக்கு மருந்தெடுக்கப் போயிருந்தாள்.

இப்போது சட்டம் வேறு. தலையில் அடிபட்டால் கேள்வி கேட்டு உள்ளே விடுகிற கதை இல்லை. அறிக்கை எழுத வேணும், இருபத்தொரு நாள் விளையாட ஏலாது. இறுதிப் போட்டிக்கு இருக்கிறது ஐந்து நாள்.

"வியாழக்கிழமை பார்ப்பிட்டைக் குடுத்து எழுதுறன்" என்று றெஜி எனக்குச் சொன்னாள். சொன்னாள். என் காதால் கேட்டேன்.

ஜோர்ஜியா வாகனம் நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்தாள். கரண்ட் வேலை பழகுகிற பிள்ளை, இருபத்திரண்டு வயது. இந்த வருடம் முப்பத்தொரு தரம் கம்பத்துக்குள் அடித்தவள்.

"சாண்டி, உனக்கு ஒன்றும் தெரியாது, சரியா? நான் நல்லாத்தான் இருக்கிறேன். ப்ளீஸ்."

நான் போத்தல் கூடையைத் தூக்கிக் காரில் வைத்தேன். எனக்கு இங்கிலீசு வராது என்பது சில நேரம் வசதி.

ஆகஸ்ட் 22, வியாழன்

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேணும்.

கழக அறை. எல்லோரும் நிலத்தில் இருக்கிறார்கள். றெஜி இறுதிப் போட்டிக்கு ஆட்களைப் பலகையில் ஒட்டுகிறாள். ஏழாம் இலக்க வில்லையை எடுத்தாள். இந்த முறை கை நிற்கவே இல்லை. நேரே முன்னுக்கு ஒட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜோர்ஜியா மட்டும் நிலத்தைப் பார்த்தாள்.

வேண்டுமென்று ஒட்டுகிறாளோ என்று றெஜியின் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பிள்ளையின் முகம் கழுவின கோப்பை மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை அதில் இல்லவே இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஞாயிறு கிண்ணம் வரலாம். வாயைத் திறந்தால் ஜோர்ஜியாவுக்குப் போட்டி போகும். அதோடு, என் பிள்ளைக்கு மறதி என்பது இருபத்தைந்து பேருக்கு முன்னால் வெளிவரும். இருபத்தைந்து வருடமாக அவளுக்குத் தண்ணீர் கொண்டு ஓடினவன் நான்.

"றெஜி, ஏழை எடு" என்றேன், தமிழில்.

"ஏன் அப்பா?"

"செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தலையிலை பட்டது."

"எப்ப?"

"நீதானே பிள்ளை ஐஸ் வைச்சனி."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கப் பார்த்தாள். பிறகு ஜோர்ஜியாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை அழத் தொடங்கியது. றெஜிக்கு விளங்கிவிட்டது. அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பார்ப் எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, பலகையிலிருந்து ஏழை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டாள். மற்றக் கையால் றெஜியின் தோளைப் பிடித்தாள்.

றெஜி எல்லோருக்கும் முன்னால் இங்கிலீசில் சொன்னாள்: எனக்கு இது ஞாபகமில்லை. கொஞ்சக் காலமாகக் கன விசயம் ஞாபகமில்லை. இருபத்தெட்டாம் திகதி டொக்டரிடம் போகிறேன். இதை உங்களுக்கு முந்தியே சொல்லியிருக்க வேணும்.

பிறகு பின்னுக்கிருந்து ஒருத்தி, "ஓ, அப்ப அந்தப் பகிடியை ரெண்டு தரம் சொன்னது வேண்டுமென்றில்லையா?" என்றாள். முதலில் சிரித்தது றெஜிதான்.

ஜோர்ஜியா என்னைத் தாண்டி வெளியே போனாள். தண்ணீர் நீட்டினேன். வாங்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

றெஜி என்னோடு கதைக்கவில்லை. மீன் பொரித்து எனக்கு நடுத்துண்டை வைத்தாள். கோபத்திலும் நடுத்துண்டு எனக்குத்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தோற்றோம். எட்டுப் புள்ளி. ஜோர்ஜியா இருந்தால் வென்றிருக்கலாம், சும்மா சொல்லக்கூடாது.

றெஜிதான் கோச். பலகையைப் பார்ப் பிடித்தாள். கை நிற்கிற இடத்தில் இன்று றெஜி வாய் திறந்து கேட்டாள், பார்ப் சொன்னாள். ஒளித்து மறைத்து ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, ஏதோ என் வேலையை வேறு ஒருத்தர் என்னை விட நன்றாகச் செய்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் கால்பகுதியில் ஜோர்ஜியா வந்தாள். பெரிய கோட்டு, கறுப்புக் கண்ணாடி. வெள்ளிக்கிழமையிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்க ஏலாதாம், இரண்டு தரம் சத்தி எடுத்தாளாம். என் கையிலிருந்த கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினோம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

டொக்டர், பதினெட்டாம் திகதி நான் சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. பொய் இல்லை. குறை.

இரண்டாயிரத்து ஒன்பது, மூன்றாம் கால்பகுதி, பன்னிரண்டாவது நிமிடம். றெஜியை எல்லைக்கோட்டில் இருத்தி, பார்ப் அவளின் நாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இது எந்த மைதானம்? இப்போது எத்தனையாவது கால்பகுதி? கடைசியாக அடித்தது யார்? போன கிழமை யாரோடு விளையாடினோம்? வென்றோமா?

பிள்ளை பார்ப்பைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் போத்தலோடு முழங்காலில் நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். எழுத்துத் தெரியாதவனுக்கு வேறு எங்கே வைக்கிறது, எல்லாம் தலைக்குள்தான். தண்ணீர் பருக்குகிற மாதிரிக் குனிந்து, தாலாட்டுகிற குரலில் தமிழில் சொன்னேன். "குடி பிள்ளை. மொறிசன் ஓவல். மூண்டாவது. அவையின்ரை பதினொண்டு. போன கிழமை வெஸ்ட்மியரோடை, வெண்டது. குடி பிள்ளை." அவள் அதை இங்கிலீசில் சொன்னாள். தகப்பன் மகளைத் தேற்றுகிறான் என்று பார்ப் நினைத்தாள். உள்ளே விட்டாள்.

நாலாம் கால்பகுதியில் இன்னும் இரண்டு தரம் அவளுக்குத் தலையில் பட்டது. இதையும் நான் முந்திச் சொல்லவில்லை. பெரிதாகப் பட்டது ஐந்து இல்லை, ஏழு.

அந்தக் கடைசிப் பந்தைப் பிடித்தது அவளுக்கு ஞாபகமில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரியில், "என்ன நடந்தது அப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாள், திரும்பத் திரும்பச் சொன்னேன். பதினைந்து வருடமாக அவள் ஆட்களுக்குச் சொல்கிறது நான் சொன்னதைத்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அவள் அந்த மைதானத்தில் ஓடுகிறதைப் பார்க்க எனக்கு ஆசை. வேறு காரணம் கிடையாது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், றெஜி கதவடியில் உடுப்புக் கூடையோடு நிற்கிறாள். வாசிக்கமாட்டேன் என்றுதான் சொன்னவள், கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே.

வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு காலுறையை எடுத்து மடித்தாள். அதன் சோடியைத் தேடிக் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியும் அப்பா."

"என்னெண்டு?"

"அந்த நாளிலை எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்டே ஒண்டுதான். கிண்ணம் இல்லை, பந்து இல்லை. உங்கட குரல். குடி பிள்ளை, குடி பிள்ளை எண்டு."

அழுகிறேனோ என்று என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "நானும்தானே உங்களைப் பார்த்தனான். பார்ப்பை இல்லையே."

உடுப்பு முழுக்க மடித்து முடித்தோம்.

ஆகஸ்ட் 28, புதன்

நேற்று வரை உள்ளதை அச்சடித்துக் கொடுத்தோம். மொழிபெயர்க்கிற தம்பி வாசித்துச் சொல்லச் சொல்ல, டொக்டர் அம்மா கேட்டுக்கொண்டு இருந்தா. கடைசியில், "அப்பா வெளியில் இருக்கட்டுமா?" என்று கேட்டா. றெஜி, "இல்லை, இங்கேயே இருக்கட்டும்" என்றாள். நான் சன்னலடிக் கதிரையில், மடியில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்தேன்.

டொக்டர் ஐந்து சொல் சொன்னா. மணி, பாலம், எலுமிச்சம்பழம், சட்டை, நீலம். பிறகு வேறு வேலைகள் கொடுத்தா. கடதாசியில் மணிக்கூடு கீறச் சொன்னா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னா. கடைசியில், முதல் சொன்ன ஐந்தையும் சொல்லச் சொன்னா.

"மணி" என்றாள் றெஜி. "நீலம்." கொஞ்சம் பொறுத்து, "சட்டை."

பிறகு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். மொறிசன் ஓவலில் பார்த்த அதே பார்வை.

எலுமிச்சம்பழமும் பாலமும் என் நாக்கு நுனியில் நின்றன. போத்தலைத் திறந்தேன். வாய் நிறையத் தண்ணீர் எடுத்தேன். விழுங்காமல் வைத்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் ஊதி, ஊதுமீன் மாதிரி இருந்திருப்பேன்.

றெஜி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரித்தாள். பிறகு திரும்பி, டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "தெரியேல்லை. மற்ற ரெண்டும் எனக்குத் தெரியேல்லை." முதலில் தமிழில், பிறகு இங்கிலீசில்.

டொக்டர் அதை எழுதினா. அடிகளால் வந்ததாக இருக்கலாம், இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேணும், மூன்று மாதத்துக்கொருக்கா வர வேணும், அது வரைக்கும் கார் ஓட வேண்டாம் என்றா. அடுத்த வருடம் பார்ப்போடு சேர்ந்து கோச் பண்ணலாமோ என்று றெஜி கேட்டாள். சேர்ந்து என்றால் செய்யலாம் என்றா.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தோம்.

"இப்ப முழுங்கலாம் அப்பா."

"எப்பவோ முழுங்கிட்டன்."

"அந்த ரெண்டும் என்ன?"

"பாலம். எலுமிச்சம்பழம்."

"பாலம், எலுமிச்சம்பழம்" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

பஸ் வந்தது. இலக்கத்தை நான் பார்த்தேன். போகிற இடத்தின் பெயரை அவள் வாசித்தாள். ஏறினோம்.